புல்லுக்கும் முறை உண்டு

லடாக்கின் லே நகரத்திலிருந்து சிந்து நதியை ஒட்டியே போய், மாஹே பாலத்தில் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு மலைகளுக்குள் திரும்பினோம். அங்கிருந்து சாங்தாங் பீடபூமி. மரம் என்று ஒன்று கண்ணில் படவில்லை. பிற்பகலில் த்சோ மோரிரி ஏரி தெரிந்தது. கடல்மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கும் மேலே, மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கிறது. வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாததால் லேசாக உப்புக் கரிக்கும். கரையோரச் சதுப்பில் வரித்தலை வாத்துகள் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தன. குளிர்காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வரும் அதே இனம். அங்கே விருந்தாளியாக மட்டும் பார்த்த பறவையை இங்கே குடும்பத்தோடு பார்த்ததில் மனம் நிறைந்துவிட்டது.

ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மேற்குக் கரையிலுள்ள கோர்சோக் கிராமத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்கு மேலே உள்ள பள்ளத்தாக்கில்தான் சாங்பா மேய்ப்பர்களின் கோடைக் கூடாரங்கள். யாக் மயிரில் நெய்த கறுப்புக் கூடாரத்துக்கு ரெபோ என்று பெயர். இப்போது வெள்ளைத் துணிக் கூடாரங்களே அதிகம்.

சாயங்காலம் ஆடுகள் இறங்கி வந்தன. ஒரு நீளக் கயிற்றை எடுத்துக்கொண்டு பெண்கள் உள்ளே புகுந்தார்கள். ஆடுகளை எதிரெதிராக நிறுத்தி, கழுத்தோடு கழுத்து மாற்றி மாற்றிப் பின்னிக் கட்டினார்கள். முகங்களெல்லாம் நடுவில், மடிகளெல்லாம் வெளியில். பின்பக்கம் குந்தி வரிசையாகக் கறந்து முடித்ததும், கயிற்றின் ஒரு முனையை இழுத்தார்கள். மொத்த வரிசையும் அவிழ்ந்தது. அந்த வேகத்தை நான் வாய்திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களைக் கூடாரத்துக்குள் அழைத்த மூதாட்டியை ஓட்டுநர் தம்பி "அமா-லே" என்று கூப்பிட்டார். சாண அடுப்பில் உப்பிட்ட வெண்ணெய்த் தேநீர் கொதித்தது. அன்று பகலில் சீவிய பஷ்மினா ஒரு மூட்டையில் இருந்தது. ஆட்டைப் படுக்கவைத்து, கால்களைக் கட்டி, இரும்புப் பல் சீப்பால் அடிமயிரை வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டுக்கு ஆண்டில் கால் கிலோ அளவுக்குத்தான் தேறும். இழையின் தடிமன் 12 முதல் 15 மைக்ரான். நம் தலைமுடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே போகும் குளிரைத் தாங்க ஆடு வளர்த்துக்கொள்ளும் உள்ளாடை அது. காஷ்மீரில் சால்வையாகி அது விற்கிற விலையில், இந்தக் கூடாரத்துக்கு வந்து சேர்வது மிகச் சிறிய பங்கு. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

சாங்தாங்கை ஆளில்லாத வெற்று நிலம் என்று எழுதுகிறார்கள். அது தவறு. எந்தப் பள்ளத்தாக்கில் எப்போது மேய்ப்பது, எதைக் குளிர்காலத்துக்குத் தொடாமல் விட்டுவைப்பது என்பதெல்லாம் கோபா எனப்படும் ஊர்த்தலைவர் மக்களோடு பேசி முடிவுசெய்வது. புல் அவ்வளவு அரிது. ஒரு மந்தை முறை தவறி நுழைந்தால் பனிக்காலத்தில் பல மந்தைகள் பட்டினி. 1962 சீனப் போருக்குப் பின் எல்லைக்கு அப்பால் இருந்த மேய்ச்சல் நிலங்கள் கைவிட்டுப் போயின. திபெத்திலிருந்து அகதிகளும் மந்தைகளோடு வந்து சேர்ந்தார்கள். இருந்த புல்லை இன்னும் சிக்கனமாகப் பங்கிட வேண்டியதாயிற்று. 2013 தொடக்கத்தில் கொட்டிய பனியில் ஆயிரக்கணக்கில் ஆடுகள் செத்தன. கர்னாக் பகுதி மேய்ப்பர்களில் பெரும்பாலான குடும்பங்கள் லே நகரத்தின் ஓரத்தில் குடியேறிவிட்டன. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருக்கின்றன.

"நீங்களும் போய்விடுவீர்களா அம்மா?" என்று கேட்டேன். ஓட்டுநர் தம்பி மொழிபெயர்த்தார்.

"மகன் லேயில் டாக்சி ஓட்டுகிறான், கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். இத்தனை ஆட்டையும் யாரிடம் விட்டுவிட்டுப் போக?" என்றார்.

கோபா நாள் குறித்ததும் அடுத்த மேய்ச்சலுக்குக் கிளம்ப வேண்டுமாம். கூடாரத்தைப் பிரிக்க மகனை வரச் சொல்லியிருக்கிறார். ஆடுகளை அவர் நடத்திக்கொண்டு போவார். சாமான்களை அவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான்.