இளைத்தவனுக்குப் புல்!

"இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்" என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, மெலிந்த தேகம் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் நம் கை சும்மா இருப்பதில்லை. ஹாஸ்டலிலிருந்து வந்த பிள்ளை சற்று வாடியிருந்தால் போதும், இலையில் நெய் இரண்டு கரண்டி அதிகமாக விழும். பிள்ளைகள் விஷயத்தில் அது சரிதான். ஆனால் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த ஒரு முயலுக்கு, அதே கை அதே அன்போடு அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டே நாளில் அது செத்துப் போனாலும் போகும்!

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் கண்ணெதிரே நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம், ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இப்போது அங்கே சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள். ஷிப்டுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்கள். எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ இளம் குடும்பங்கள் வருகின்றன. காண்டிராக்ட் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகின்றன. போகிறபோது உடைந்த நாற்காலி, துளசித் தொட்டி, பழைய பாய் இவற்றை விட்டுவிட்டுப் போவார்கள். சிலர் ஒரு வாயில்லாப் பிராணியையும் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

என் தங்கை அங்கே ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறாள். சென்ற வருஷம் பங்குனி மாதம் பக்கத்துப் போர்ஷன் காலியாயிற்று. மறுநாள் துணி உலர்த்தப் போனவள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கம்பிக் கூண்டைப் பார்த்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு முயல். முதுகைத் தடவினால் தண்டெலும்பு ரம்பம் மாதிரி கையில் தட்டியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கே இருந்தேன்.

"பெரியம்மா, இது சின்சில்லா! நான் போனில் படம் பார்த்திருக்கிறேன்!" என்று துள்ளினான் தங்கையின் பிள்ளை.

அவன் சொன்னதில் பாதி நிஜம். அசல் சின்சில்லா என்பது தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைக் குளிரில் வாழும் ஒரு சிறு பிராணி. அரைக் கிலோ கனம், அணில் வால், பட்டையும் தோற்கடிக்கும் ரோமம். அந்த ரோமத்தின் சாயல் வரும்படி பிரான்சில் உருவாக்கிய முயல் ஜாதிக்கும் சின்சில்லா என்றே பெயர் வைத்தார்கள். அதன் வழியில் வந்த 'சோவியத் சின்சில்லா' முயலைக் கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டுப் பண்ணைகள் பலவற்றிலும் அது உண்டு. அப்படி எங்கோ பிறந்த ஒன்றுதான் எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்திருந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 1 கிலோ 860 கிராம். வளர்ந்த சோவியத் சின்சில்லா மூன்றரை, நாலு கிலோ இருக்க வேண்டும்!

விஷயம் பரவியதுதான் தாமதம், ஆளுக்கொரு ஆகாரத்தோடு வந்துவிட்டார்கள். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டி கிண்ணத்தில் பால்சோறு கொண்டு வந்தாள். தங்கை கேரட் நறுக்கினாள். பையன் கையில் பிஸ்கட். எதிர் வீட்டு அம்மாள் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை.

நல்ல காலம், பத்திரிகைத் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: எந்தத் துறையிலும் யாராவது ஒருவரைத் தெரிந்திருக்கும். சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன்.

"கையிலிருப்பதையெல்லாம் கீழே வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர், பசும்புல், வேறொன்றும் வேண்டாம். கடைசியாக எப்போது புழுக்கை போட்டது? தெரியாதா? அப்படியானால் இன்றைக்கே கொண்டு வாருங்கள். முயல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே அவசர கேஸ்தான்."

அன்று மாலை அவர் அதன் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். தோல் உடனே படியவில்லை. உடம்பில் நீர் வற்றியிருந்தது. பிறகு வாயைத் திறந்து, சின்ன விளக்கை விட்டுப் பார்த்தார். "இது நேற்றைய பட்டினி இல்லை அம்மா, பல வாரப் பட்டினி. கடைவாய்ப் பற்கள் ஊசியாக வளர்ந்து நாக்கைக் குத்துகின்றன. பசி இருக்கிறது, மெல்ல முடியவில்லை. ஒன்றை மறக்காதீர்கள். இளைப்பு என்பது வியாதி இல்லை, வியாதியின் அடையாளம். காரணத்தைத் தேடாமல் தீனியை மட்டும் கூட்டினால் பிரயோஜனமில்லை" என்றார்.

முயலுக்கும் சரி, அசல் சின்சில்லாவுக்கும் சரி, பல் ஆயுசு முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் பூராவும் புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். பிஸ்கட்டும் கேரட்டுமாகச் சாப்பிட்டுப் பழகிய பிராணிக்கு அரைக்கிற வேலை குறைந்து போகிறது, பல் நீள்கிறது.

வயிற்றின் கதை இன்னும் விசித்திரமானது. நார்ச்சத்தைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுவதற்கென்று குடலில் ஒரு பெரிய பை. அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள். நம் வீட்டில் இட்லி மாவு புளிக்கிறதே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, மாவுப் பண்டம் ஏதாவது அதிகமாக உள்ளே போனால், நல்ல கிருமிகள் அடங்கி விஷக் கிருமிகள் பெருகும். காற்று சேர்ந்து வயிறு உப்பும். முயலால் வாந்தியெடுக்கவும் முடியாது. வேறு பக்கம் ஆபத்தும் உண்டு. பட்டினி நீடித்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலில் போய் அப்பிக்கொள்ளும். ஆகவே அதிகம் கொடுத்தாலும் ஆபத்து, கொடுக்காவிட்டாலும் ஆபத்து. நடுவே ஒரு குறுகலான பாதைதான் இருக்கிறது.

அந்தப் பாதையில் டாக்டர் எங்களை நடத்திச் சென்றார். முதலில் நீர் ஏற்றி, வலிக்கு மருந்து கொடுத்தார். தெம்பில்லாத உடம்புக்கு மயக்க மருந்து தாங்காது, பல் தேய்ப்பது பிறகு என்றார். அதுவரை முயல்களுக்கென்று விற்கும் குச்சித் தீவனத்தைப் பொடி செய்து, வெதுவெதுப்பான நீரில் கஞ்சியாகக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சினால் கொடுக்க வேண்டும். முன் பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில், பக்கவாட்டில், சொட்டுச் சொட்டாக. அது விழுங்கின பிறகுதான் அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கை நிறைய ஒரே தடவை கொடுப்பதை விட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுப்பதுதான் முறை.

தங்கை வீட்டில் பால் கணக்கு நோட்டின் பின் பக்கம் முயல் கணக்குக்கு ஆயிற்று. தினம் காலையில் ஒரே நேரம், ஒரே தராசு. எடைக்குப் பக்கத்தில் புழுக்கையின் அளவு! முதல் நாள் மிளகு அளவு. தேறத் தேறக் கொண்டைக்கடலை அளவு. சிரிக்காதீர்கள், சகோதரிகளே. முயல் வளர்ப்பில் அதை விட நல்ல செய்தி கிடையாது.

முதல் வாரம் பத்தே கிராம்தான் ஏறியது. "இத்தனை பாடுபட்டும் பத்து கிராமா?" என்று தங்கைக்கு அழுகை வந்தது. பன்னிரண்டாம் நாள் மயக்கம் கொடுத்துப் பல்லைத் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் அது தானாகவே அருகம்புல்லை இழுத்து மென்றது. 'கரக் கரக்' என்ற அந்தச் சத்தத்தைக் கேட்க வீடே கூடியது.

புல்லுக்கு எங்கே போவது? ஏரிக்கரையில் உண்டு. ஆனால் சாக்கடையோரம், லாரிப் புழுதி, மருந்தடித்த வரப்பு இவற்றின் அருகே அறுக்கக் கூடாது. பிள்ளையார் கோயில் வாசலில் விற்கும் அருகம்புல்லே நல்லது. நன்றாகக் கழுவி, பாதியைப் பச்சையாகவும் பாதியை நிழலில் உலர்த்தியும் கொடுத்தோம். உலர்ந்த புல்லில் பூஞ்சணம் வாடை அடித்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். எடை ஏறுவதற்காகக் கொஞ்சம் குதிரைமசால். அகத்திக்கீரை, முசுக்கொட்டை இலை எல்லாம் ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு. குச்சித் தீவனம் நாளைக்கு ஒரு மேஜைக் கரண்டியில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டினோம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பாட்டி பூஜை முடித்து, "பச்சைக் குழந்தை மாதிரி இருக்கு, பிரசாதம் ஒண்ணும் செய்யாது" என்று ஒரு முழுப் பூவன் பழமும் ஒரு பிடி சர்க்கரைப் பொங்கலும் கூண்டில் வைத்துவிட்டாள். பல் சரியான முயல் மிச்சம் வைக்கவில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு அது மூலையில் சுருண்டு உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது. அது வலியின் அறிகுறி. வயிறு மத்தளம் போல் விறைத்திருந்தது. வாடகைக் கார் பிடித்துச் சென்னைக்கு ஓடினார்கள். கூடவே பாட்டியும் கிளம்பிவிட்டாள். விடியும் வரை அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்" என்று முணுமுணுத்தாளாம். காலை ஆறு மணிக்கு நாலு புழுக்கை விழுந்தது. டாக்டர் சிரித்தார், பாட்டி அழுதாள்.

அந்த ஓர் இரவில் 90 கிராம் இறங்கிவிட்டது. 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் ஒரே ராத்திரியில் இரண்டரைக் கிலோ இளைத்ததற்குச் சமம்!

அதன் பிறகு பாட்டியை விடக் கண்டிப்பான காவல்காரி அந்தத் தெருவில் கிடையாது. பிஸ்கட்டோடு வரும் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். ஒரு நாள் முயல் தன் பின்புறத்திலிருந்து எதையோ வாயால் எடுத்துத் தின்பதைப் பார்த்து, "சீ, அசிங்கம்!" என்று முகத்தைச் சுளித்தாள். அது சாதாரணப் புழுக்கை இல்லை, அந்தக் குடல் பையில் தயாராகும் மிருதுவான உருண்டை. அதில்தான் புரதமும் பி வைட்டமினும் இருக்கின்றன, தடுக்கக் கூடாது என்று எடுத்துச் சொன்னோம். மறுநாளிலிருந்து அதையும் பாட்டியே தெருவுக்குப் பிரசங்கம் செய்தாள்.

சித்திரை வெயில் இன்னொரு சோதனை. முயலுக்கு 30 டிகிரிக்கு மேல் போனாலே கஷ்டம். கூண்டைக் கீழ் வீட்டுக்குக் கொண்டுபோய், ஜன்னலில் ஈரக் கோணியைக் கட்டி, பக்கத்தில் ஐஸாக உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தார்கள். வாரத்துக்கு அறுபது, எழுபது கிராம். ஆறு மாதத்தில் மூன்றேகால் கிலோ! பாட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது.

அசல் சின்சில்லாவையே வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோமத்துக்காக அதை வேட்டையாடித் தீர்த்ததால், சிலி முதலிய நாடுகள் 1910-ல் உடன்படிக்கை செய்து தடுக்க வேண்டியிருந்தது. மாத்தியாஸ் சாப்மன் என்ற சுரங்க எஞ்சினீயர் 1923-ல் பதினொரு சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு போனார். மலையிலிருந்து திடீரென்று இறக்கினால் தாங்காது என்று படிப்படியாக இறக்கி, கப்பலில் பனிக்கட்டி வைத்துக் காப்பாற்றினார். 25 டிகிரிக்கு மேல் அதற்கு ஆபத்து. நம் ஊர் வெயிலில் அதை வைத்திருப்பது, பாவம், அடுப்பில் வைத்திருப்பது போலத்தான். 600 கிராம் பிராணிக்கு 30 கிராம் குறைவதே பெரிய இழப்பு. நம் கண்ணுக்கோ அடர்ந்த ரோமத்தில் ஒன்றும் தெரியாது. தராசுதான் சொல்லும்.

மெலிந்த முயலோ, சின்சில்லாவோ உங்களிடம் வந்து சேர்ந்தால் முதலில் புல்லும் தண்ணீரும் வையுங்கள். எடையைக் குறித்துக்கொண்டு, வாய்க்குள் பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் அன்றைக்கே போங்கள். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. வீட்டு மருந்துப் பெட்டியில் மிஞ்சிய ஆமாக்ஸிஸிலின் மாத்திரையை மட்டும் பொடி செய்து கொடுத்துவிடாதீர்கள். நம்மைக் காக்கும் அந்த மருந்து அவற்றின் குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று உயிருக்கே உலை வைத்துவிடும்.

மற்றபடி, எள், நெய், பால்சோறு எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கே போடுங்கள். அவர்கள்தான் வேண்டாம் என்றால் எழுந்து ஓடிவிடுவார்களே!