பெரியப்பாவின் உள்ளங்கை

பிப்ரவரி 3, 2025, திங்கள்

இன்று கருணாபுரத்தில் மாத்திரை கொடுக்கப் பதினோரு வீடுகள். கடைசி வீடு பெரியப்பாவுடையது. ரத்த உறவில்லை, தெரு உறவு. பிரஷர் மாத்திரை அட்டையை வாங்கக் கையை விரித்தார். நான் அட்டையை வைக்காமல் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளங்கை முழுக்கத் தடித்து மெத்தென்று இருந்தது. ரேகைகள் வாய்க்கால் மாதிரி ஆழமாக இறங்கி, நடுவில் மேடு மேடாக மடிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுப் போட்டி வாங்கி வெந்நீரில் போட்டுச் சுரண்டும்போது உள்பக்கம் பூந்துவாலை மாதிரி தெரியுமே, அதேதான். இரண்டு கையிலும்.

“மூட்டை தூக்குற கை வேற எப்படிம்மா இருக்கும்?” என்றார்.

என் அப்பாவும் மூட்டை தூக்கியவர்தான். காய்ப்பு விரல்களின் அடியில் கல்லாக இறுகியிருக்கும். இது துணியைத் தொடுவது போல இருந்தது. கழுத்தும் அக்குளும் கருத்திருந்தன.

பிப்ரவரி 5, புதன்

கழுத்துக் கருப்பு எனக்குப் புதிதல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற எவரும் தினமும் பார்ப்பதுதான். உடம்பு பருத்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட இருக்கிறது. அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. சாதாரணமாக அவ்வளவுதான்.

ஆனால் பெரியப்பாவுக்குச் சர்க்கரை இல்லை. பருத்த உடம்பும் இல்லை. மூன்றே மாதத்தில் இப்படி ஆகியிருக்கிறது. போன மாதமே கழுத்தைப் பார்த்தேன், வெயில் கருப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். அது உறுத்துகிறது.

பெரியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். “ரெண்டு இட்லிக்கு மேல இறங்கல. லுங்கி இடுப்புல நிக்கல. மருந்துக் கடையில களிம்பு குடுத்தாங்க, ரெண்டு மாசமா தடவுறாரு.”

பிப்ரவரி 8, சனி

வயிறு எப்படி இருக்கிறது என்று பெரியப்பாவிடம் நேராகவே கேட்டேன். வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இந்தத் தெருவுல வயிறு வலிக்குதுன்னு வாய் தொறந்து சொல்ல முடியுமா? மறுபடி குடிச்சுட்டான்னுதான் சொல்லுவாங்க.”

எனக்குப் பேச்சு வரவில்லை. 2024 ஜூன் 18 ராத்திரியும் 19ஆம் தேதியும் இந்தத் தெருக்களில் வயிற்றுவலி, வாந்தி, கண் தெரியவில்லை என்று சுருண்டவர்கள் எத்தனை பேர். மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாக எரிந்தார்கள். அதிலிருந்து இங்கே வயிற்றுவலி என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிவிட்டது. பெரியப்பா அன்று வெளியூரில் கல்யாணத்தில் இருந்தார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு தொடவில்லை. தொட்டாரோ இல்லையோ, வலி வலிதானே. அவர் வாயை மூடிக்கொண்டார், கை காட்டிக்கொடுத்துவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரி. தோல் டாக்டர் கையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு எடை பார்க்கச் சொன்னார். தோலுக்கு வந்தவரைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்க்கிறாரே என்று பெரியப்பாவுக்கு ஆச்சரியம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நாளை தைப்பூச விடுமுறை. புதன்கிழமை போகிறோம்.

பிப்ரவரி 12, புதன்

விடிவதற்கு முன்பே பஸ். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், அங்கிருந்து புதுச்சேரி. கோரிமேட்டில் இறங்கும்போது வரிசை வாசல் வரை நின்றது.

பார்த்தவர் இளம் பெண் டாக்டர், பொறுமையாகப் பேசினார். கழுத்துக் கருப்புக்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயராம். வயதானவருக்கு, மெலிந்தவருக்கு அது திடீரென்று வந்து வேகமாகப் பரவினால் முதலில் இரைப்பையைப் பார்க்கவேண்டும் என்றார். கைக்கு ‘டிரைப் பாம்ஸ்’. டிரைப் என்றால் போட்டிதான் என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படிக் கை ஆனவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உள்ளே எங்கோ புற்று இருக்கிறதாம். கை மட்டும் என்றால் பெரும்பாலும் நுரையீரல், கழுத்தும் சேர்ந்து கருத்தால் பெரும்பாலும் இரைப்பை.

வயிற்றில் இருப்பது கையில் எப்படித் தெரியும்? கட்டி தன் வளர்ச்சிக்கென்று சுரக்கும் பொருள் ரத்தத்தில் கலந்து தோலுக்கும் போகிறது. வளரச் சொல்லி உத்தரவு வந்ததாகத் தோல் எடுத்துக்கொண்டு தடிக்கிறது. புற்று கைக்குப் பரவியதாக அர்த்தமில்லை.

தொப்புளையும் தடவிப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். அமெரிக்காவில் ராச்செஸ்டர் ஊரில், வில்லியம் மேயோ என்ற சர்ஜனுக்கு உதவியாக மேரி ஜோசப் என்ற கன்னியாஸ்திரி நர்ஸ் இருந்தாராம். ஆபரேஷனுக்கு முன் வயிற்றைத் துடைக்கும்போது சிலரின் தொப்புளில் கெட்டியான முடிச்சு தட்டுப்படுவதைக் கவனித்தார். அவர்களுக்கெல்லாம் உள்ளே புற்று பரவியிருந்தது. அந்த முடிச்சுக்கு 1949இல்தான் அவர் பெயரை வைத்தார்கள், அவர் இறந்து பத்து வருடம் கழித்து. “கையைத் திருப்பிப் பார்த்தது நீங்களா?” என்று டாக்டர் கேட்டார். தலையாட்டினேன்.

பெரியப்பாவின் தொப்புளில் முடிச்சு இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

எண்டோஸ்கோபி முடிந்தது. சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். திரும்பும் பஸ்ஸில் என் நோட்டில் அந்த டாக்டர் சொன்ன மற்றதையும் எழுதிக்கொண்டேன்: இமையைச் சுற்றி ஊதா நிறம் படர்ந்து, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை என்றால் விடக்கூடாது. கண் மஞ்சளாகி, வலியே இல்லாமல் உடம்பெல்லாம் அரித்தாலும் அப்படித்தான், காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக் காத்திருக்கக் கூடாது. எல்லாமே புற்றாகத்தான் இருக்கும் என்றும் இல்லை, அதையும் அடிக்கோடிட்டேன். ஊரைப் பயமுறுத்திவிடக் கூடாது.

பிப்ரவரி 28, வெள்ளி

இரைப்பைப் புற்றுதான். ஸ்கேனில் கல்லீரலிலும் இரண்டு இடம். கீமோ கொடுக்கலாம், கட்டி அடங்கினால் கையும் கொஞ்சம் இளகலாம் என்றார்கள். பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சாராயத்தால வந்ததா?” இன்ன காரணம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதைத் தெருவில் நானே எல்லோரிடமும் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார் பெரியப்பா.

மார்ச் 7, வெள்ளி

முதல் கீமோ முடிந்து நேற்று வந்தார்கள். சாயங்காலம் போனபோது திண்ணையில் சாய்ந்திருந்தார். பெரியம்மா அவர் கையைத் தன் மடியில் வைத்து, அந்த மடிப்புகளுக்குள் விரலை விட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எண்ணெய்ல போகாதுன்னு தெரியும்டி. தேய்க்கிறேன், அவ்ளோதான்.”