பி.டி. பீரியடை விடச் சொல்லாதே

அன்புத் தங்கைக்கு,

ஒன்பதாம் வகுப்புக்குப் போனதிலிருந்து பாப்பா பி.டி. பீரியடுக்கு இறங்குவதில்லை என்றும், "உடம்புக்கு முடியாது" என்று நீ லெட்டர் எழுதித் தரப்போவதாகவும் சொன்னாய். போனில் பேசித் தீராது என்றுதான் எழுதுகிறேன்.

பி.டி. டீச்சராக நான் வருஷா வருஷம் பார்ப்பது இது. ஆறாம் வகுப்பில் மணி அடித்ததும் மைதானத்துக்குப் பறந்து வந்த பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் காரணம் வெளியே வரும். ஒருத்திக்கு மார்பு குலுங்குவதை யாராவது பார்ப்பார்களோ என்று கூச்சம். ஓடும்போதும் ஒரு கை மேல்கோட்டை இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். ஒருத்திக்கு அந்த மூன்று நாளில் கறை பட்டுவிடுமோ என்று பயம். இன்னொருத்தியை "வெயில்ல கறுத்துட்டா யாரு கட்டிப்பா" என்று வீட்டிலேயே அடக்கியிருப்பார்கள். டீம் பிரிக்கும்போது யாரும் கூப்பிடாமல் கடைசியாக நின்று மனசு உடைந்தவளும் உண்டு. அதனால் என் வகுப்பில் பிள்ளைகள் ஆள் எடுப்பது கிடையாது. வரிசையாக நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரிவார்கள்.

உன் மகள் எதற்காக ஒதுங்குகிறாள் என்று கேட்டாயா?

11 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேர் போதிய அளவு ஓடியாடுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. தினமும் ஒரு மணி நேரம் வேண்டுமாம். எலும்பு பலத்தில் பெரும்பகுதி சேர்வது 18 வயதுக்குள்தான். அம்மா இடுப்பு ஒடிந்து படுத்தபோது கூட இருந்து பார்த்தவள் நீ. உனக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் பஹ்ரைனில் கபடி தங்கம் வாங்கிய அணியில் ஆடினாள். நம் பாப்பா அப்படி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மெடலுக்கு ஆடுகிறவளுக்குக் கோச் இருக்கிறார், காலை, மாலை பயிற்சி இருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு வாரத்தில் இந்த ஒன்றிரண்டு பீரியடுதான். அதிலும் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கியது போக மிச்சம்தான் கிடைக்கிறது.

மாதவிலக்கு நாளில் விளையாடினால் கெடுதல் எதுவும் இல்லை. மெல்ல நடந்தாலே பலருக்கு வயிற்றுவலி குறையும். வலி தாங்கவில்லையென்றால் அன்று ஸ்கோர் எழுதட்டும். ஆனால் மைதானத்தில் இருக்கட்டும். கோ-கோ பிடிக்கவில்லையென்றால் ரிங் பால், ஸ்கிப்பிங் என்று வேறு கேட்கட்டும். அவளுடைய பி.டி. டீச்சரிடம் நீயே ஒரு வார்த்தை பேசு, தயங்காதே. பெற்றவர்கள் வந்து கேட்டால் எங்களுக்கும் ஒரு பலம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கடைக்குக் கூட்டிப் போய் விளையாட்டுக்கென்று இருக்கும் இறுக்கமான உள்ளாடை இரண்டும், கருநிற டிராக் பேண்ட் ஒன்றும் வாங்கிக் கொடு. பணம் நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா