நரம்பின் கணக்கு

மின்கிதாரைத் தாமே செய்ய விழையும் மதுரை இளைஞருக்கு இன்று உடல், கழுத்து, தந்தி யாவும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தி வண்ணம் தீட்டினாலும் பணி முடிவதில்லை. தந்தியின் சரிபாதியில் உள்ள பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டினால், அதிர்வெண் இருமடங்காக வேண்டும். பிறழ்ந்தால், தந்தியைத் தாங்கும் பாலத்தின் திருகாணியைத் திருகி, நீளத்தைச் சரிசெய்யலாம்.

இத்தகைய வாய்ப்பு ஏதுமின்றி ஓர் இசைக்கருவியை மீட்டெடுக்க முனைந்தவர் விபுலாநந்தர். இலங்கையின் காரைதீவில் 1892-இல் பிறந்த அவர், அறிவியலைக் கற்றவர். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும் வென்றவர். யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கடந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய யாழ் ஒன்றும் எஞ்சவில்லை. அதனைப் பற்றிய பாடல்களும் உரைகளுமே எஞ்சியிருந்தன. சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஆராய்ந்த அவர், அதில் பொதிந்திருந்த இசையிலக்கணத்தைக் கணிதத்தின் துணையுடன் விளக்கினார். நரம்புகளின் நீளத்தையும் சுருதிகளின் விகிதத்தையும் கணக்கிட்டார்.

1947 ஜூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அவர் கண்ட கணக்கின்படி அமைத்த யாழ் அவ்வவையில் ஒலித்தது. அதைக் கேட்டு மகிழ்ந்த அவர், மறு திங்களில் மறைந்தார்.