முகங்கள் இல்லாத பூங்கா

கருவடிக்குப்பத்தில் எங்கள் மத்ரஸா மாணவன் ஒருவன் கிதாபுக்குள் ஒரு படத்தை மறைத்து வைத்திருந்தான். பாரிஸ் நகரின் மோன்சோ பூங்கா. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1878இல் வரைந்தது. 1876 வசந்தத்திலும் அதே பூங்காவை அவர் வரைந்திருக்கிறார். மரநிழலில் பெண்களும் குழந்தைகளும்; பாதையில் சிந்திக் கிடக்கும் வெயில். உற்றுப் பார்த்தால் இலையும் மனிதரும் ஒரேவிதமான வண்ணத் தீற்றல்களே. அக்காலத்தில் அது புதுமை.

"ஹஜ்ரத், இவர்களுக்கு முகமே இல்லையே. இப்படி வரைவது கூடுமா?"

உடனே விடை சொல்ல நா எழவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், பாரதி பூங்காவில் வேறொரு மாணவன் வரைந்துகொண்டிருந்த தாளைப் பிடுங்கிக் கிழித்தேன். துண்டுகளை அவன் பொறுக்கியபோதுதான் அவற்றில் மரங்கள் மட்டுமே இருந்ததைக் கண்டேன். வரைந்தே ஆகவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஓர் ஓவியருக்குச் சொன்ன செய்தி புகாரியில் உள்ளது. அன்றும் அதை நான் அறிந்தே இருந்தேன். அம்மாணவன் பிறகு மத்ரஸாவுக்கு வரவில்லை.

முகமற்ற உருவங்கள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றும், மரங்களில் ஐயமில்லை என்றும் இவனிடம் சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அஸ்ர் தொழுகைக்குப் பின் அவனும் அவன் அத்தாவும் என்னோடு பாரதி பூங்காவுக்கு வந்தார்கள். பென்சிலை நான் வாங்கியிருந்தேன்.