மேற்கு பார்த்த குளக்கரைகள்

குற்றாலம் போய் வந்தவர்களின் கைபேசியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கும். தலையில் தண்ணீர் கொட்ட, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கும் ஒரு முகம். பின்னால் பேரருவியின் ஒரு துண்டு. மலையைக் காணோம், ஊரையும் காணோம். அருவிக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றால் வேறெதுவும் தெரியாது. அருவியில் விழுந்த தண்ணீர் போகும் வழியிலேயே கிழக்கே சில மைல் வந்து, ஒரு குளக்கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தால்தான் தென்காசிச் சீமையின் முழு உருவமும் பிடிபடும்.

தென்காசியும் குற்றாலமும் 5 கி.மீ. இடைவெளியில் இருக்கும் இரட்டை ஊர்கள். 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகர். செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் சற்றுத் தாழ்ந்து ஆரியங்காவுக் கணவாயாக வழிவிடுகிறது. 1904-ல் கொல்லம் ரயில் பாதை அந்த வழியாகத்தான் போனது. ரயிலுக்கு முன்பிருந்தே அதில் போய்வந்துகொண்டிருப்பது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு இந்த இடுக்கில் நுழைகிறது. நெல்லைப் பக்கம் ஆனி வெயில் மண்டையைப் பிளக்கும்போது, இங்கே வெயிலும் தூறலும் கலந்து பொழிகிறது. அதுதான் சாரல். ஊர்க்காரர்களுக்கு அது ‘சீசன்’. தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நிற்பவரின் வேட்டியைப் படபடக்க வைப்பதும், சமவெளியில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்றுதான்.

படமெடுப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது திசையை. இங்கே மலை மேற்கே இருக்கிறது. நிலம் கிழக்கே சரிகிறது. மலையிலிருந்து இறங்கும் சிற்றாறு கிழக்கு நோக்கி ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழியில் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் தண்ணீரைப் பிரித்துக் குளம் குளமாக நிரப்புகின்றன. குளம் வெட்டியவர்கள் தண்ணீரைத் தேக்கத் தாழ்ந்த பக்கத்தில், அதாவது பெரும்பாலும் கிழக்கில், கரையைப் போட்டார்கள். அதனால் கரைமேல் நின்று நீர்ப்பரப்பைப் பார்ப்பவர் தானாகவே மேற்கைப் பார்க்கிறார். காலையில் வெயில் அவர் முதுகுப்பக்கமிருந்து வருகிறது. எதிரே குற்றாலத்துத் திரிகூட மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக வெளிச்சம் பெறுகின்றன. முன்னால் தண்ணீர், நடுவில் தென்னையும் பனையும். பாசனத்துக்காகப் போட்ட கரை நிலக்காட்சிப் படத்துக்கும் சரியான மேடையாகிவிட்டது. மாலையில் கதை வேறு. சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். மலை கறுத்த கோடாகும், வானமும் குளமும் மட்டும் நிறம் வைத்திருக்கும்.

ஆண்டு முழுக்க இந்தக் கரைகளில் ஒரே காட்சி இருப்பதில்லை. சித்திரையில் குளம் வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கரம்பை அள்ளும் டிராக்டர்களும் ஆட்டு மந்தைகளும் குளத்துக்குள்ளேயே நடமாடும். மலை புழுதித் திரைக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும். வண்ணப்படத்துக்கு ஆகாத காலம் என்று கேமராவை மூடி வைக்கிறவர்கள் உண்டு. ஆனால் வெடிப்பின் கோடுகளுக்கும் ஒற்றைப் பனையின் நிழலுக்கும் கருப்பு வெள்ளை நன்றாகப் பொருந்தும்.

ஜூனில் மலை உச்சியில் மேகம் தொப்பி போட்டுவிட்டால் சீசன் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மாவட்டத்தின் ஐந்து அணைகளில் செங்கோட்டை அருகே உள்ள குண்டாறு மிகச் சிறியது. உயரம் 36 அடிதான். அதனால் அதுவே முதலில் நிரம்பி வழியும். மேக்கரையில் 132 அடி அடவிநயினார், கடையநல்லூர்ப் பக்கம் 72 அடி கருப்பாநதி, கடையம் பக்கம் 84 அடி ராமநதி, 85 அடி கடனா என்று மற்றவை மெல்லப் பின்தொடரும். கார் பருவ நெல் சாகுபடிக்கு வயல்கள் சேறாகும். வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் விழுவதால் வானவில் இந்த ஊருக்கு அன்றாட விருந்தாளி. வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில்தான் வரும். அதுவும் சூரியன் 42 பாகைக்குக் கீழே இருக்கும்போதுதான் தரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். எனவே காலையில் அதை மலைமேல் தேட வேண்டும், மாலையில் சமவெளிப் பக்கம் திரும்ப வேண்டும். குளத்தில் மலை தெளிவாகப் பிரதிபலிக்கும் படம் இந்த மாதங்களில் அரிதாகவே கிடைக்கும். காற்று தண்ணீரைச் சும்மா விடாது. லென்ஸைத் துடைக்க உலர்ந்த துணி நிறைய வேண்டும். குற்றாலத்துக்குள் போவதானால் பையின் ஜிப் மூடியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். குரங்குகளுக்குக் கேமராவும் முறுக்குப் பொட்டலமும் ஒன்றுதான்.

அதே சீசனில் தென்காசிக்குக் கிழக்கே சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூக்கிறது. 1992-ல் வந்த ‘ரோஜா’வில் கதாநாயகியின் கிராமமாகத் தெரிந்த ஊர் இதுதான். 2005-ல் ‘அந்நியன்’ பாட்டுக்காக வண்ணம் தீட்டிய பாறைகள் இன்னும் ‘அந்நியன் பாறை’ என்ற பெயரில் கூட்டத்தை இழுக்கின்றன. சூரியகாந்தி மொட்டாக இருக்கும்போதுதான் சூரியனோடு திரும்பும். நன்கு முற்றி மலர்ந்த பிறகு கிழக்கு நோக்கியே நின்றுவிடும். ஆக, வயலின் கிழக்கு ஓரத்தில் நிற்பவருக்குப் பூவின் முகமும் மலையும் ஒரே சட்டத்துக்குள் வரும். குளம் சொன்ன அதே திசைதான். கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கல்யாண ஜோடிகளின் அவுட்டோர் ஷூட்டும் உண்டு. ஆனால் அது எண்ணெய் வித்துக்காகப் போட்ட பயிர். வயல்காரர் “தம்பி, செடிய மிதிச்சிராதீய” என்று குரல் கொடுப்பதிலும், சிலர் உள்ளே நுழையக் காசு கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஐப்பசி பிறந்தால் காற்று திசை மாறும். வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து வரும். இப்போது அருவி விளையாட்டுப் பொருள் இல்லை. செம்மண் நிறத்தில், பேரருவியின் பாதுகாப்பு வளைவையும் தாண்டித் தண்ணீர் விழும். குளிக்கத் தடை போடுவார்கள். மழைக்காலம் வராமலேகூட ஆபத்து வரலாம்: 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. மேலே மலைக்குள் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீரின் நிறம் மாறினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, முக்காலியை விட்டுவிட்டாவது கரையேற வேண்டும். இந்த மாதங்களில் குளங்கள் பெருகி மறுகால் பாயும். மறுகாலில் வலை வீசுகிறவர்கள், மடையைத் திறந்துவிடுகிறவர்கள், நாற்று நடுகிறவர்கள் என மனிதர்கள் படத்துக்குள் வருவது இப்போதுதான்.

மார்கழி, தை மாதங்கள் கரையில் நிற்பவருக்குப் பொற்காலம். மழை கழுவிய காற்றில் மலையின் பாறை முகங்கள் தெளிவாகத் தெரியும். விடியற்காலையில் காற்றில்லாத குளத்தில் திரிகூட மலை தலைகீழாக நிற்கும். சுற்றிலும் பிசானப் பருவ நெல்லின் பச்சை. தண்ணீருக்குள் கூழைக்கடாக்கள், அரிவாள் மூக்கன்கள், வடக்கிலிருந்து வந்த வாத்துக் கூட்டங்கள். 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் தாமிரபரணிப் படுகையின் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தென்காசிப் பக்கத்துக் குளங்களும் அதில் சேரும். உயரத்திலிருந்து பார்க்க விரும்பினால் பண்பொழி திருமலைக் குமாரசுவாமி கோயில் குன்றில் ஏறலாம். கீழே வயலும் தோப்பும் குளமும் அடுத்தடுத்து விரிந்து கிடக்கும்.

ஊரை அடையாளம் காட்ட ஒரு கோபுரமும் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய தென்காசிக் கோயிலின் ராஜகோபுரம் 1924-ல் தீயில் சிதைந்து, பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்து, 1990-ல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. சுமார் 180 அடி உயரக் கோபுரம், கிழக்கே வயல்வெளியிலிருந்து பார்த்தால் மலைக்கு முன்னே விரலளவு தெரியும். மலை எவ்வளவு பெரியது என்பதை அந்தக் கோபுரம்தான் சொல்கிறது.

இவ்வளவுக்கும் அடிப்படை, குளத்தில் தண்ணீர் இருப்பது. அமலைச்செடி மூடிய குளத்தில் மலையும் தெரியாது, பறவையும் இறங்காது. கால்வாய் தூர்ந்தால் கார்த்திகையிலும் கரை வெறிச்சோடும். ஆகவே ஊர்க்காரர்களான படக்காரர்களுக்கு ஒரு யோசனை. ஏதேனும் ஒரு குளத்தின் மடைக்கல்லருகே ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, மாதம் ஒருமுறை, அதே கோணத்தில், தேதியோடு ஒரு படம் எடுத்து வைக்கலாம். நீர்மட்டம் எந்த மாதம் ஏறியது, அமலை எவ்வளவு பரவியது, மறுகால் எந்த ஆண்டு பாயாமல் போனது என்பதெல்லாம் பத்து வருடப் படங்களை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும். தூர்வாரக் கேட்டு மனு எழுதும் விவசாயிகளுக்கு அந்த வரிசை நல்ல சாட்சி.