பிள்ளை சொன்ன சாட்சி

நாசரேத் என்றதும் அரபு படித்தோர் நினைவுக்கு வருவது ஈஸா நபி (அலை) அவர்கள் வளர்ந்த ஊராகவே இருக்கும். நாம் குடியிருப்பதோ திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப் பாதையில், பனை மரங்களுக்கு நடுவே அமைந்த நாசரேத். ஆசிரியப் பணி நம்மை இங்கே கொணர்ந்தது. உறவும் விருந்தும் காயல்பட்டினத்தில். ரயிலேறினால் சிறிது நேரத்தில் கடற்காற்று முகத்தில் படும். அங்கே ஒரு விருந்தில் நிகழ்ந்ததை எழுத நமக்குக் கூச்சமாகவே இருக்கிறது. ஏனெனில் குற்றம் நம்முடையது.

மகள் வயிற்றுப் பேரனுக்கு அப்போது வயது ஏழு. சஹனில் அவனையும் உடன் இருத்திக்கொண்டு அமர்ந்தோம். ஒரே தட்டில் பலர் கூடி உண்ணும் அந்த வழக்கத்தின் இனிமையை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோற்றின் நடுவே இறால் வறுவலை வைத்ததும் பையன் கையை இழுத்துக்கொண்டான். “வேண்டாம், அப்பா. தின்னா தொண்டைக்குள்ளே அரிக்கும்” என்றான். அதை அடம் என்று கொண்டோம். அல்லாஹ் தந்த நிஃமத்தை ஒதுக்கலாகாது என்று நாலு பேர் நடுவில் புத்தி சொல்லி, நம் கையாலேயே ஓர் இறாலை ஊட்டினோம். நம் முகத்தைப் பார்த்தபடியே மென்று விழுங்கினான். பெரியவர்களை மறுக்கத் தெரியாத பிள்ளை. அப்படி வளர்த்தவர்களும் நாமே.

சஹன் எடுக்கும் முன்பே அவன் உதடு தடித்துவிட்டது. கழுத்திலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாகத் தடிப்புகள் எழுந்தன. பிறகு இருமல், குரல் கம்மியது, மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் போன்ற ஓசை. கண்ணேறு என்றார் ஒருவர். தண்ணீர் ஓதிக் கொடுங்கள் என்று நம்மிடமே சொன்னார் இன்னொருவர். மருமகன் எதையும் கேட்டு நிற்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மருத்துவமனையில் தொடையின் வெளிப்புறத்தில் ஓர் ஊசி போட்டார்கள். அட்ரினலின் என்றார்கள். சில நிமிடங்களில் மூச்சு சீரானது. அடங்கிய வேகம் சில மணி நேரம் கழித்து மீண்டும் எழுவதுண்டு என்பதால் அன்றிரவு அங்கேயே வைத்திருந்தார்கள்.

“இதற்கு முன் ஏதேனும் சொல்லியிருக்கிறானா?” என்று மருத்துவர் கேட்டார். மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒருமுறை இறால் தின்று தொண்டை அரிக்கிறது என்றானாம். ஒருமுறை நண்டு தின்று வாந்தி. ஒருமுறை இறால் வெந்த அடுப்பருகே நின்றபோதே கண்ணிமை வீங்கிற்றாம். பருவமடையாச் சிறுவனின் சாட்சியம் வழக்கில் எம்மட்டும் செல்லும் என்பதை ஃபிக்ஹு நூல்களில் பக்கம் பக்கமாகப் படித்தவர் நாம். ஆனால் அவன் தொண்டைக்கு அவனையன்றி வேறு யார் சாட்சி?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, தம் சமூகத்தார் நாட்டில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த காலித் பின் வலீத் (ரலி) அதை உண்டார்கள். இந்த ஹதீஸை எத்தனையோ ஆண்டுகள் மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறோம். சஹனருகே அது நம் நினைவுக்கு வரவில்லை.

பிறகுதான் இந்நோயைப் பற்றித் தேடிப் படித்தோம். அலர்ஜி என்னும் சொல்லை 1906ஆம் ஆண்டில் ஆக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் பிர்க்கே. நாம் ஒவ்வாமை என்கிறோம். அதுவே அழகிய சொல். உயிரை வாங்கும் அதன் கொடிய வடிவம் அறியப்பட்டதோ ஒரு கடற்பயணத்தின் தொடர்ச்சியாக. 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்ற ரிஷே, போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், நம் கரையோர மீனவர் சொறி என்று சொல்லும் இனத்தை ஒத்த கடலுயிரொன்றின் நஞ்சை ஆராய்ந்தனர். பாரிஸ் திரும்பியபின் வேறொரு கடலுயிரின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினர். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மிகச் சிறிதளவு செலுத்தியதும் சில நிமிடங்களில் மாண்டது. பழகினால் உடல் தாங்கும் என்று எண்ணியதற்கு நேர்மாறு. 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. ‘சிறிது சிறிதாகத் தின்னப் பழக்கினால் சரியாகிவிடும்’ என்று நம் வீடுகளில் சொல்வதை, மருத்துவர் துணையின்றி எவரும் செய்து பார்க்கலாகாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நம்மவர்க்கும் இதில் பங்குண்டு. 925இல் மறைந்த அபூபக்கர் அர்-ராஸீ, ரோஜா மலரும் வசந்த காலத்தில் அபூ ஸைத் அல்-பல்கீக்கு மூக்கொழுகல் வருவது ஏன் என்று தனியே ஒரு சிறு நூல் எழுதினார். எல்லார்க்கும் மணமாக இருப்பது ஒருவர்க்கு நோயாவதை அவர் கண்டுகொண்டார். நம் பாட்டிமார் ‘கரப்பான் பண்டம்’ என்று சிலவற்றை விலக்கியதும் அனுபவத்தால் வந்ததே. ஆயினும் அவர்கள் பட்டியல் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று. ஒவ்வாமை அப்படியன்று; உடலுக்கு உடல் அது வேறு.

கடற்கரை வீடுகளில் ஒரு மயக்கமும் உண்டு. சூரை போன்ற மீனைப் பனிக்கட்டியின்றி வெயிலில் போட்டுவைத்தால் அதில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். சமைத்தாலும் அது போகாது. அதை உண்டவர்க்கு முகம் சிவந்து உடல் அரிக்கும். அது மீனின் கேடு. உண்ட பலருக்கும் வரலாம். ஒரே சட்டியில் உண்ட பத்துப் பேரில் ஒரு பிள்ளைக்கு மட்டும், ஒவ்வொரு முறையும் வருமாயின் ஒவ்வாமையென்று ஐயுற வேண்டும். இறாலில் உள்ள புரதமோ கொதிக்கவைத்தாலும் அழியாது. இறாலில் இட்ட கரண்டியைப் பருப்பில் இட்டாலும் போதும். உணவு மட்டுந்தானா? இப்பக்கத்து வேலிகளிலெல்லாம் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தமும், பழைய தலையணைத் தூசும் தும்மலையும் இழுப்பையும் தருகின்றன.

உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போடு இருமலோ, இழுப்போ, குரல் மாற்றமோ, மயக்கமோ சேர்ந்தால் அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாகாது. அம்மாத்திரை அரிப்பைத் தணிக்கும்; மூச்சைக் காக்காது. பிள்ளையை நடக்கவிடாமல் படுக்கவைத்து, மூச்சுத் திணறினால் உட்காரவைத்து, உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். அட்ரினலின் ஊசி எந்த மருத்துவமனையில் உண்டென்று முன்னதாகவே விசாரித்து வைப்பது நலம். பள்ளி ஆசிரியரிடமும் மதரஸா உஸ்தாதிடமும் எழுத்தில் கொடுத்து வைக்க வேண்டும், வாய்ச்சொல் மறந்துபோகும்.

அஞ்சி எல்லாவற்றையும் விலக்குவதும் தவறு. லண்டனில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமை வர வாய்ப்பு மிகுந்த மழலையர்க்கு முதலாண்டிலேயே வேர்க்கடலையைக் கூழாக்கிக் கொடுத்துவர, பின்னாளில் அதன் ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது கண்டனர். பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். இறாலுடையது பெரும்பாலும் நீங்குவதில்லை. நம் பேரனுக்குத் தோலில் துளியிட்டுக் குத்திப் பார்த்து அதையே உறுதி செய்தார்கள்.

சென்ற மாதம் காயலில் மற்றொரு திருமணம். அவனுக்குத் தனித் தட்டு. பிள்ளை தனியே உண்பது மனத்தை உறுத்தவே, நாமும் சஹனை விட்டு எழுந்து அவனருகே ஒரு தட்டுடன் அமர்ந்தோம். பருப்பை எடுத்து வைத்ததும், “அப்பா, இது வேற கரண்டிதானே?” என்றான். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, கேட்டுவரச் சமையற்கட்டுக்கு எழுந்து போனோம்.